கணினி வந்த வழி – 19: காத்திருப்போர் கணக்கு

சென்ற அத்தியாயத்தை 1961 நவம்பரில் எம்.ஐ.டி.யில் நடந்த ஒரு செயல்விளக்கத்தோடு நிறுத்தியிருந்தோம். ஐபிஎம் 709 இயந்திரம் ஒன்று, அதோடு பிணைத்த தட்டச்சுப்பொறிகள் நான்கு. நான்கு பேரும் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் இயந்திரம் முழுக்கத் தனக்கே சொந்தம் என்ற நினைப்பு. ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு உண்டாக்கிய அந்த நினைப்பு கலையாமல் இருக்க ஒரு நிபந்தனை உண்டு. கூட்டம் சேரக்கூடாது.

கூட்டம் சேர்ந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் ஒரே கணினியைப் பத்துப் பேர், முப்பது பேர் என்று பங்கிட்டுக்கொண்டார்கள். கட்டளையைத் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் நீண்டது. "இன்றைக்கு ஏன் இப்படி இழுக்கிறது?" என்று கேட்காத ஆள் இல்லை. கணினி தன்னைத் தானே வேவு பார்க்கத் தொடங்கியது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான்.

விளக்கும் ஒலியும்

அதற்கு முன் கண்காணிப்பு என்றால் கண்ணும் காதும்தான். பழைய இயந்திரங்களின் முகப்பில் வரிசை வரிசையாக விளக்குகள் மினுக்கும். மான்செஸ்டரில் 1951-இல் நிறுவப்பட்ட ஃபெராண்டி மார்க் 1 கணினியில் 'ஹூட்டர்' என்ற ஒலிபெருக்கியும் இருந்தது. நிரலுக்குள் அதற்கான ஆணையைச் செருகிவைத்தால், ஓட்டத்தின் தாளம் காதில் விழும். ஒரே சுருதியில் முடிவில்லாமல் ஒலித்தால் நிரல் எங்கோ வளையத்தில் மாட்டிக்கொண்டது என்று பொருள்.

ஒரு நேரத்தில் ஒரே நிரல் ஓடிய காலத்துக்கு இது போதும். முப்பது பேரின் வேலைகள் விநாடிக்குப் பலமுறை மாறி மாறி ஓடும் இயந்திரத்தில் விளக்கின் மினுக்கலைப் பார்த்து யாரால் தாமதம் என்று எப்படிச் சொல்வது? டெர்மினலில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவதெல்லாம் பதில் வரவில்லை என்பது மட்டும். பிராசசரைப் பிறர் பிடித்துவைத்திருக்கலாம். நினைவகம் நிரம்பியிருக்கலாம். டிஸ்க் திணறிக்கொண்டிருக்கலாம். அவருடைய நிரலே தப்பாக இருக்கலாம். எல்லாமே வெளியில் ஒரே மாதிரியான மௌனமாகத்தான் தெரியும். எண்ணிப் பார்த்தால்தான் வித்தியாசம் புலப்படும்.

ஜூலை 1973

எண்ணியவர்களில் முக்கியமானவர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் இருந்த பிபிஎன் நிறுவனத்தார். இவர்கள் பிடிபி-10 கணினிக்காக எழுதிய டெனெக்ஸ் என்ற இயங்குதளம் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் பல இடங்களில் ஓடியது. அதில் ஓர் எண் கணக்கிடப்பட்டது: பிராசசருக்காகத் தயாராக நிற்கும் வேலைகள் சராசரியாக எத்தனை? ஓடிக்கொண்டிருப்பதும் சேர்த்தி. லோடு ஆவரேஜ் என்று இன்றும் வழங்கும் சுமைச் சராசரி இதுதான். ரேஷன் கடையில் ஒருவருக்கு அரிசி அளந்துகொண்டிருக்க, பின்னால் ஒன்பது பேர் நின்றால் சுமை 10.

இந்த எண்ணின் சாமர்த்தியம், அது இயந்திரத்தின் உழைப்பை அளக்கவில்லை என்பதில் இருக்கிறது. பிராசசர் நூற்றுக்கு நூறு ஓடுகிறது என்று சொன்னால், அதற்கு வெளியே வரிசையில் இருவர் நிற்கிறார்களா இருபது பேரா என்று தெரியாது. பயனாளிக்கு வேண்டியதோ வரிசையின் நீளம். டெனெக்ஸில் கண்ட்ரோல் விசையோடு டி-யை அழுத்தினால், ஓடும் வேலையைக் கலைக்காமல் அதன் நிலையையும் சுமையையும் திரையில் காட்டிவிடும். காத்திருப்பவரின் பதற்றத்தைத் தணிக்க இதைவிட எளிய வழி அப்போது இல்லை.

1973 ஆகஸ்டில் ஆர்ப்பாநெட் ஆவண வரிசையின் 546-ஆம் எண்ணாக, டெனெக்ஸ் கணினிகளின் ஜூலை மாதச் சுமைச் சராசரிகள் வெளியிடப்பட்டன. வெளியிட்டவர் பிபிஎன்னைச் சேர்ந்த தாமஸ். அவர் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கணினிக்குக் கணினி தானே தாவிச் செல்லும் 'க்ரீப்பர்' என்ற நிரலை 1971-இல் எழுதிப் பார்த்தவரும் அவர்தான். ஊர்ந்து செல்லும் நிரலும் சுமைச் சராசரியும் பதினைந்து ஆண்டு கழித்து மீண்டும் சந்திக்கப்போகின்றன.

விநாடிக்கு அறுபது முறை

சுமைச் சராசரி வரிசையின் நீளத்தைச் சொன்னது. வரிசை ஏன் நகரவில்லை என்று சொல்லவில்லை. அதற்கான கருவி பெல் ஆய்வகத்தில், யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தோடு வளர்ந்தது. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் கையேட்டில் ஐஓஸ்டாட் என்ற கட்டளைக்கு ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. அரைப் பக்கம்கூடத் தேறாது. ஆனால் இன்றுவரை வந்த கண்காணிப்புக் கருவிகளின் அடிப்படை எண்ணம் முழுக்க அதில் அடங்கிவிடுகிறது.

யூனிக்ஸ் ஓடிய பிடிபி-11 கணினிக்கு மின்கம்பியிலிருந்தே ஒரு கடிகாரம் உண்டு. அமெரிக்க மின்சாரம் விநாடிக்கு 60 அலை. அதனால் விநாடிக்கு 60 முறை அந்தக் கடிகாரம் பிராசசரின் வேலையை இடைமறிக்கும். ஒவ்வொரு இடைமறிப்பிலும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஒரு கணம் எட்டிப் பார்த்துக் கோடு போட்டுக்கொள்ளும். பிராசசர் இப்போது என்ன செய்கிறது? பயனாளியின் நிரலை ஓட்டுகிறதா, முன்னுரிமை குறைந்த பின்னணி வேலையை ஓட்டுகிறதா, கெர்னலின் சொந்த வேலையில் இருக்கிறதா, சும்மா இருக்கிறதா? நான்கில் ஒன்று. அதே கணத்தில் டிஸ்க் சுழன்று தரவு தந்துகொண்டிருக்கிறதா என்பதையும் பார்த்து, இரண்டையும் சேர்த்துப் பதியும்.

இந்தச் சேர்க்கையில்தான் விஷயம் இருக்கிறது. பிராசசரும் டிஸ்க்கும் ஒரே நேரத்தில் உழைத்தால் இயந்திரம் நன்றாகப் பயன்படுகிறது. டிஸ்க் ஓட, பிராசசர் சும்மா இருந்தால்? எல்லா நிரலும் டிஸ்க்கின் வாசலில் நிற்கின்றன என்று அர்த்தம். அப்போது புதிய பிராசசர் வாங்கிப் பயனில்லை. இரண்டு கோடுகளை ஒரே இடத்தில் போட்டதால் கிடைத்த அறிவு இது.

இன்னொரு கணக்கும் கிடைத்தது. டிஸ்க் எத்தனை நேரம் ஓடியது, எத்தனை முறை ஓடியது, எத்தனை சொற்களைக் கடத்தியது என்பது தெரியும். ஒரு சொல்லைக் கடத்த ஆகும் நேரம் டிஸ்க்கின் இயல்பிலேயே தெரியும். மொத்த நேரத்தில் கடத்திய நேரத்தைக் கழித்தால், மிச்சம் காந்தமுனை தடம் தேடி அலைந்த நேரம். ஓர் அளவுகோலும் வைக்காமல் கூட்டல் கழித்தலிலேயே உலோகக் கையின் அலைச்சலை அளந்துவிட்டார்கள். அன்றைய ஆர்கே05 டிஸ்க் ஒன்றில் அடங்கியது சுமார் 2.5 மெகாபைட். அலைச்சல் கொஞ்சம் குறைந்தாலும் அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவதாக, டெர்மினல்கள். கையேடு இவற்றைத் தட்டச்சுப்பொறிகள் என்றே குறிப்பிட்டது. உள்ளே வந்த எழுத்து எத்தனை, வெளியே போன எழுத்து எத்தனை என்று எல்லாப் பொறிகளுக்கும் சேர்த்து எண்ணியது. இன்று இதைப் படிப்பவருக்குச் சிரிப்பு வரலாம்: மனிதன் விரலால் தட்டும் எழுத்து ஒரு சுமையா? சுமைதான். தட்டும் ஒவ்வோர் எழுத்துக்கும் பிராசசர் கைவேலையை நிறுத்திவிட்டு வாங்கிவைக்க வேண்டும். மலிவான இணைப்புப் பலகைகளில் வெளியே போகும் எழுத்துக்கும் அதே பாடு. நொடிக்கு 10 எழுத்து அடித்த டெலிடைப் காலத்தில் தாங்கியது. கண்ணாடித் திரை டெர்மினல்கள் வந்து நொடிக்கு நூற்றுக்கணக்கில் எழுத்துகளை விழுங்க ஆரம்பித்தபோது, பிராசசரின் கணிசமான நேரம் வெறும் எழுத்து கடத்துவதிலேயே கரைந்தது.

பெர்க்லியின் சண்டை

1978-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வாக்ஸ் 11/780 என்ற புதிய கணினி வந்தது. இயந்திரம் பெரிது, பெல் ஆய்வகம் அதற்கென்று தந்த யூனிக்ஸோ, டிஸ்க்கை நினைவகத்தின் நீட்சியாக்கும் அதன் மெய்நிகர் நினைவக வசதியைப் பயன்படுத்தவில்லை. கணினிச் செயல்திறன் அளவீட்டையே தன் துறையாகக் கொண்ட பேராசிரியர் டொமெனிக்கோ ஃபெராரியிடம் ஓசால்ப் பாபாவோலு என்ற துருக்கிய மாணவர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவரும் பில் ஜாய் என்ற மாணவரும் சேர்ந்து அந்த வசதியைக் கெர்னலுக்குள் எழுதினார்கள். நினைவகத்தின் எந்தப் பக்கம் அண்மையில் தொடப்பட்டது என்று குறித்துவைக்கும் பிட் வாக்ஸின் வன்பொருளில் இல்லை. அதையும் மென்பொருளிலேயே பாவனை செய்தார்கள். இந்த வசதியோடு 3பிஎஸ்டி என்ற பெர்க்லி யூனிக்ஸ் பதிப்பு 1979 இறுதியில் வெளிவந்தது.

நினைவகம் இப்படி டிஸ்க்கோடு பிணைந்தபின் கண்காணிப்பில் புது வரிசைகள் தேவைப்பட்டன. எத்தனை பக்கங்கள் டிஸ்க்குக்குப் போயின, எத்தனை திரும்பின, காலியிடம் எவ்வளவு, எத்தனை வேலைகள் ஓடத் தயார், எத்தனை முடங்கிக் கிடக்கின்றன? விஎம்ஸ்டாட் என்ற கட்டளை இவற்றை ஐந்து விநாடிக்கு ஒருமுறை வரி வரியாகக் கொட்டும். முதல் வரியைப் புதியவர்கள் பார்த்துக் குழம்புவது வழக்கம். அது மட்டும் இயந்திரத்தை இயக்கிய நேரம் முதலான சராசரி. இப்போது நடப்பதைச் சொல்வது இரண்டாம் வரியிலிருந்துதான்.

ஜாய் எழுதிய விஐ என்ற திரைத் திருத்தி இங்கே நினைவுகூரத் தக்கது. பழைய திருத்தியில் ஒரு வரியை முழுக்கத் தட்டி முடித்தபின்தான் நிரல் விழிக்கும். விஐ-யிலோ விசைக்கு ஒருமுறை நிரல் விழித்து, திரையைத் திருத்தி, மறுபடி தூங்கும். பயனாளிக்குச் சுகம், பிராசசருக்குப் பாரம். டெர்மினல் வரிசையை ஐஓஸ்டாட் முதலில் அச்சிட்டதற்கு அந்தக் காலத்தில் நியாயம் இருந்தது.

1980-இல் எஸ்.ஆர்.ஐ. ஆய்வகத்தின் டேவிட் காஷ்டன் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே வாக்ஸில் அதன் தயாரிப்பாளரான டிஇசி-யின் விஎம்எஸ் இயங்குதளத்தையும் பெர்க்லி யூனிக்ஸையும் ஓட்டிப் பார்த்து, யூனிக்ஸ் பல இடங்களில் படுமோசமாகப் பின்தங்குகிறது என்று எண்களோடு காட்டினார். அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி முகமையான டார்பா பெர்க்லிக்குப் பணம் தரத் தொடங்கியிருந்த நேரம். ஜாய் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு, கெர்னலில் நேரம் எங்கே போகிறது என்று பகுதி பகுதியாகத் தேடிச் செதுக்கினார். சில வாரங்களில் மறுப்புக் கட்டுரை தயார்: காஷ்டனின் அதே சோதனைகளை யூனிக்ஸும் விஎம்எஸ்ஸுக்கு ஈடாக ஓட்டும். அந்தச் செதுக்கல்களைத் தாங்கி 1981 ஜூனில் 4.1பிஎஸ்டி வந்தது. இரண்டு தரப்பும் வாதாடியது எண்களால். 'எங்கள் யூனிக்ஸ் உசத்தி' என்ற பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை.

இதைவிடப் பெரிய பலன் டிஸ்க் பக்கம் கிடைத்தது. பழைய கோப்பு அமைப்பைப் புதிதாக நிறுவும்போது நொடிக்கு 175 கிலோபைட் வரை தரவு வரும். சில வாரம் புழங்கியபின் அது 30 கிலோபைட்டாக விழும். கோப்புகளை அழித்து எழுதி அழித்து எழுதி, ஒரு கோப்பின் துண்டுகள் டிஸ்க் முழுக்கச் சிதறிவிடுவதே காரணம். டிஸ்க் தரக்கூடிய வேகத்தில் நூற்றுக்கு நான்கு பங்குதான் பயனாகியது. மீதி நேரமெல்லாம் தடம் தேடும் அலைச்சல். மார்ஷல் கிர்க் மெக்கூசிக்கும் கூட்டாளிகளும் ஒரு கோப்பின் துண்டுகளை அருகருகே வைக்கும் புதிய அமைப்பை எழுதினார்கள். 4.2பிஎஸ்டியோடு 1983-இல் வந்த அது, டிஸ்க்கின் வேகத்தில் 47 சதவீதம் வரை தொட்டது. டிஸ்க் மாறவில்லை. அலைச்சல் எவ்வளவு என்று அளந்து வைத்திருந்ததால்தான் எதைக் குறைப்பது என்று தெரிந்தது.

எட்டிப் பார்ப்பதன் குறைகள்

இந்தக் கருவிகளில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதலாவது, எட்டிப் பார்க்கும் நேரம் எல்லோருக்கும் தெரியும் என்பது. கடிகாரம் அடித்தவுடன் விழித்து, அடுத்த அடிக்கு முன் தூங்கிவிடும் நிரல் ஒருபோதும் பிடிபடாது. அது தின்ற நேரம் வேறொருவர் கணக்கில் ஏறும், அல்லது பிராசசர் சும்மா இருந்ததாகப் பதிவாகும். 1993-இல் ஸ்டீவன் மெக்கேனும் கிறிஸ் டோரெக்கும், எட்டிப் பார்க்கும் இடைவெளியை ஒழுங்கில்லாமல் மாற்றிக்கொண்டே இருந்தால் இந்த ஏமாற்று நடக்காது என்று காட்டினார்கள். ஆனாலும் பழைய முறையே பரவலாக நீடித்தது. 2007-இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் மூவர், சிறப்பு அதிகாரம் ஏதும் இல்லாத சாதாரண நிரல் ஒன்றே பிராசசரின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டுக் கணக்கில் வராமல் தப்ப முடியும் என்று செய்தே காட்டினார்கள்.

இரண்டாவது ஓட்டை இன்னும் ஆபத்தானது. கெர்னல் போட்ட கோடுகள் கெர்னலின் நினைவகத்தில் இருக்கும். ஐஓஸ்டாட் போன்ற கருவிகள் அந்த நினைவகத்தையே ஒரு கோப்பு போலத் திறந்து, எண்ணிக்கைகள் இருக்கும் முகவரியைத் தேடிப்போய்ப் படித்தன. எண்ணிக்கை இருக்கும் அதே நினைவகத்தில்தான், டெர்மினலில் தட்டப்பட்டு இன்னும் உரியவரிடம் சேராத எழுத்துகளும் தங்கியிருக்கும். எத்தனை எழுத்து என்று எண்ண வந்தவர், எந்த எழுத்து என்றும் படிக்கலாம், கடவுச்சொல் உட்பட. அதனால்தான் பின்னாளில் அந்தக் கதவைப் பொதுமக்களுக்கு அடைத்து, கருவிகளுக்கு மட்டும் தனி அனுமதி கொடுத்தார்கள்.

1984-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் லெஃபேவர் 'டாப்' என்ற கருவியை எழுதினார். பிராசசரை அதிகம் தின்னும் நிரல் பட்டியலின் தலையில் நிற்கும். பட்டியல் சில விநாடிக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக்கொள்ளும். விஎம்எஸ்ஸில் இருந்த ஒரு வசதியைப் பார்த்து வந்த யோசனை இது. "ஏன் இழுக்கிறது?" என்ற கேள்விக்கு "இன்னாரால்" என்று பெயர் சொல்லும் பதில் கிடைத்தது. உச்சியில் அந்தப் பழைய டெனெக்ஸ் எண், 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம் என்று மூன்று சராசரிகளாக.

யூட்டா, 1988 நவம்பர் 2

அன்று இரவு 8:49 மணிக்கு யூட்டா பல்கலைக்கழகத்தின் வாக்ஸ் 8600 கணினிக்குள் ஒரு நிரல் நுழைந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் எழுதி, இணையத்தில் அவிழ்த்துவிட்ட 'புழு' அது. 9:09-க்குப் பிற கணினிகளைத் தாக்கத் தொடங்கியது. அந்த நேரத்தில் அந்தக் கணினியின் சுமைச் சராசரி வழக்கமாக 1. 9:21-க்கு 5 ஆனது. 9:41-க்கு 7. 10:01-க்கு 16. 10:06-க்குப் புதிய நிரல் எதையும் தொடங்கவே முடியவில்லை. 10:20-க்கு நிர்வாகி புழுக்களைக் கொன்றார். 10:41-க்கு மறுபடி 27. கணினியை நிறுத்தி ஓட்டினார்கள், 11:21-க்கு 37. பின்னர் டான் சீலி எழுதிய அறிக்கையில் இந்த நேரக்கணக்கு அப்படியே இருக்கிறது.

புழுவுக்கு ஒளியத் தெரியும். நிரல் பட்டியலில் தன் பெயரை யூனிக்ஸின் சாதாரணக் கட்டளைச் செயலியின் பெயராக மாற்றி வைத்துக்கொண்டது. அவ்வப்போது தன் நகலொன்றைப் பெற்றெடுத்துவிட்டுத் தான் செத்துப்போகும். அதனால் எந்த ஒரு நகலின் பெயரிலும் பிராசசர் நேரம் பெரிதாகச் சேராது. பட்டியலின் தலையில் நிற்பவரைத் தேடினால் அங்கே சந்தேகத்துக்குரியவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

மாட்டிவைத்தது மொத்த எண்ணிக்கை. ஏற்கெனவே ஒரு புழு இருக்கும் கணினியில் இன்னொன்று நுழைந்தால் இரண்டில் ஒன்று விலகிக்கொள்ள வேண்டும் என்று மாரிஸ் எழுதியிருந்தார். நிர்வாகிகள் போலியாக 'இருக்கிறேன்' என்று சொல்லி ஏமாற்றிவிடுவார்களோ என்று அஞ்சி, ஏழில் ஒன்று விலகவே விலகாமல் நிலைக்கும்படியும் எழுதியிருந்தார். நகல்கள் குவிந்தன. ஒவ்வொன்றும் பெயரை மறைத்தது. ஆனால் ஒவ்வொன்றும் பிராசசருக்காக வரிசையில் வந்து நின்றாக வேண்டும். டெனெக்ஸ்காரர்கள் தேர்ந்தெடுத்த எண் பெயர் கேட்பதில்லை, தலைகளை எண்ணுகிறது. க்ரீப்பரை எழுதியவரே உலகறியச் செய்த அளவு, அதன் பேரப்பிள்ளை போன்ற புழுவைக் காட்டிக்கொடுத்தது. அந்த இரவுக்குப் பிறகு சுமைச் சராசரி செயல்திறன்காரர்களின் எண்ணாக மட்டும் இருக்கவில்லை. காவல்காரர்களின் எண்ணாகவும் ஆனது.

யாரெல்லாம் வரிசையில் நிற்பவர்கள் என்ற தகராறு பிறகும் ஓயவில்லை. 1993-இல் லினக்ஸுக்கு மத்தியாஸ் உர்லிக்ஸ் ஒரு திருத்தம் அனுப்பினார். வேகமான டிஸ்க்கை எடுத்துவிட்டு மெதுவான டிஸ்க்கைப் போட்டால் இயந்திரம் திணறுகிறது, சுமைச் சராசரியோ குறைகிறது. இது என்ன நியாயம் என்பது அவர் கேள்வி. டிஸ்க்குக்காகக் காத்திருப்பவர்களையும் வரிசையில் சேர்த்தார். இன்றைய லினக்ஸ் அப்படியே எண்ணுகிறது. அதனால் பிராசசர் சும்மா இருக்கும்போதே சுமை 40 என்று காட்டிப் புது நிர்வாகிகளைத் திகைக்க வைக்கிறது. யூனிக்ஸ் வழிவந்த சோலாரிஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் ஐஓஸ்டாட் இன்றும் டெர்மினல் எழுத்துகளுக்கு இரண்டு வரிசை ஒதுக்குகிறது. தட்டச்சுப்பொறிகள் கணினிக்குப் பாரமாக இருந்த காலத்தின் மிச்சம்.

இதுவரை பார்த்த கருவிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு பலவீனம் உண்டு. கண்காணிக்கப்படும் இயந்திரத்துக்குள்ளேயே அவை ஓடுகின்றன. நிர்வாகி பார்க்கும் பட்டியலை, உள்ளே புகுந்த திருடனும் பார்க்கலாம். நிர்வாகி விழித்திருக்கிறாரா என்று அதே கட்டளையால் சரிபார்க்கலாம். புழுவுக்கு இரண்டு ஆண்டு முன்பு, 1986 ஆகஸ்டில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. கணினிப் பயன்பாட்டுக்கான மாதக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. அதைத் தேடப் பணிக்கப்பட்ட வானியலாளர் கிளிஃபர்ட் ஸ்டோல், கணினிக்குள் இருந்த எந்தக் கருவியையும் பயன்படுத்துவதில்லை என்று முடிவெடுத்தார். அலுவலகத்தில் கிடைத்த அச்சுப்பொறிகளையும் டெர்மினல்களையும் இரவோடிரவாகக் கடன் வாங்கிக் கம்பிகளில் நேரடியாக மாட்டினார். எழுத்துகளை எண்ணுவதை விட்டு, எழுத்துகளைப் படிக்கத் தொடங்கினார். அந்தக் கம்பிகள் அவரை எந்த நாட்டுக்கு இழுத்துச் சென்றன என்பது அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)